ரெண்டு விரல் இடைவெளி

என் தம்பி பொண்டாட்டி அழவே இல்ல. தம்பி கோடையில போனான், இப்ப மழைக்காலமே பாதி ஓடிடுச்சு, இன்னும் ஒரு சொட்டு கிடையாது. அன்னிக்கு டாக்டர் வெளியே வந்து விஷயத்தைச் சொன்னப்ப நான் அப்படியே தரையில உட்கார்ந்து தலையில அடிச்சுக்கிட்டேன். அவ ஒரு எட்டு பின்னால போனா, ரெண்டு கையையும் முதுகுக்குப் பின்னாடி கட்டிக்கிட்டா, நின்னா. எனக்கு வந்துச்சே ஒரு ஆத்திரம், அதை ரொம்ப நாளைக்கு என்னால முழுங்க முடியல.

நான் அதே ஆஸ்பத்திரியில சலவைப் பிரிவுல இருக்கேன். மெஷின்ல போடுறதுக்கு முன்னாடி ஒவ்வொரு துணியையும் உதறிப் பார்க்கணும், ஊசி கீசி மாட்டிக்கிட்டு இருக்கும். தலையணை உறையைத் தொட்டாலே அதுல படுத்திருந்தவங்க என்ன பாடு பட்டாங்கன்னு எனக்குத் தெரிஞ்சுடும். அழறவங்களைப் பார்க்காத நாள் எனக்கு இல்ல. அழாதவங்ககிட்ட என்ன பேசுறதுன்னுதான் தெரியல.

அதுக்காக நான் அவளைக் கரிச்சுக் கொட்டுற நாத்தனார்னு நினைச்சுடாதீங்க. கொட்டுவேன், இல்லன்னு சொல்லல. நாத்தனார்னு ஒரு பதவியைக் குடுத்துட்டு வாயைத் திறக்காதேன்னா எப்படி? ஆனா வேற யாராவது அவளை ஒரு வார்த்தை சொன்னா உண்டு இல்லன்னு ஆக்கிடுவேன். கீழ் வீடு எனக்கு, மாடி அவங்களுக்கு. அவ என்னை அண்ணின்னு கூப்பிடுவா, நான் அவளை சிக்னல்னு கூப்பிடுவேன். தெருவுல எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவாங்க. யார் வீட்டுல டிவி படம் இழுத்தாலும், யார் போன்ல பேச்சு விட்டு விட்டுக் கேட்டாலும் இவளைத்தான் தேடி வருவாங்க. எனக்கு அதெல்லாம் தெரியாதுங்கன்னு பாவம் அவளும் சொல்லித்தான் பார்த்தா. யார் கேட்டா?

அவ வேலை உண்மையில என்னன்னு எனக்கே புரிய வருஷக்கணக்காச்சு. டயர் கடைக்கு மேல மாடியில ஒரு சின்ன கம்பெனி. உள்ளங்கை அளவுல ஒரு பிளாஸ்டிக் பொட்டி செய்யுறாங்க. கால்வாய்லயும் குளத்துலயும் கம்பத்துல அதைக் கட்டி விட்டா, தண்ணி எவ்வளவு உயரம் நிக்குதுன்னு அளந்து, ரேடியோ மாதிரி காத்துலயே சொல்லி அனுப்பும். ஒயர் கிடையாது, கரண்ட் கிடையாது. உள்ள இருக்கிற பேட்டரி வருஷக்கணக்கா வரும். கால் மணிக்கு ஒரு தடவை கண்ணு முழிச்சு நாலு வார்த்தை சொல்லிட்டு மறுபடியும் தூங்கிடும். எங்க சலவைப் பிரிவு சூப்பர்வைசர் மாதிரின்னு நான் சொன்னேன். அவரை விட இது பரவாயில்ல அண்ணி, சொன்ன நேரத்துக்கு முழிக்கும்னா. அப்பல்லாம் ஜோக் அடிப்பா.

முன்னாடி அந்தப் பொட்டிக்கு வெளியே ஒரு குச்சி நீட்டிக்கிட்டு இருக்கும். அதுதான் ஆன்டெனா. காக்கா உட்கார்ந்து வளைச்சுது, மாடு முதுகு சொறிஞ்சு உடைச்சுது, போற வர்ற பசங்க கைக்கு அரிப்பெடுத்துத் திருகிட்டுப் போனாங்க. அதனால ஆன்டெனாவைப் பொட்டிக்குள்ளயே வைக்கணும்னு முடிவாச்சு. அந்த வேலையைச் சிக்னல்கிட்ட குடுத்தாங்க. உள்ள வைக்கிற ஆன்டெனாவைக் கொண்டு வந்து எனக்குக் காட்டினா, நீளமான ஒரு அரிசி மணி அளவுல வெள்ளையா ஒரு துண்டு. இதைத் தும்மினா பறந்துடுமேடின்னு கேட்டேன். இதுதான் கிலோமீட்டர் கணக்குல பேசப் போகுதுன்னு சொன்னா.

ஆனா அதுக்கு இருக்கிற கிராக்கி இருக்கே! அதைச் சுத்திக் காலி இடம் விடணும். பக்கத்துல செம்பு இருக்கக் கூடாது, ஸ்க்ரூ இருக்கக் கூடாது, பேட்டரி ஒட்டி உட்காரக் கூடாது. ஏதாவது கிட்ட வந்தா அதுக்குத் தொண்டை அடைச்சுடும். உன்னை மாதிரியேதான்னு என் தம்பி அவளைக் கிண்டல் பண்ணுவான். அவளும் அப்படித்தான், கல்யாண வீட்டுல கூட ஓரமா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுத் தனியா உட்காருவா.

ஒரு நாள் அவ சாப்பாட்டை மறந்துட்டுப் போயிட்டா, நான் எடுத்துக்கிட்டு அந்த டயர் கடை மாடிக்குப் போனேன். தம்பி போனதுக்கு அப்புறம் நடந்தது இது. அவ மைக்ராஸ்கோப்ல கண்ணை வச்சுக்கிட்டு, கடுகை விடச் சின்னதா ஒரு சாமானை இடுக்கியால எடுத்து ஆன்டெனா பக்கத்துல ஈயத்தால பத்த வச்சா. பேட்டரியைப் போட்டா, பொட்டியை மூடினா. மோதிரத்தையும் வாட்ச்சையும் கழட்டி ஒரு கிண்ணத்துல போட்டா. பொட்டியைத் தெர்மோகோல் துண்டு மேல வச்சுட்டு, ஒரு எட்டு பின்னால போய், ரெண்டு கையையும் முதுகுக்குப் பின்னாடி கட்டிக்கிட்டு நின்னா. எதிர்ல ஒரு ஸ்க்ரீன்ல கோடு ஒண்ணு இறங்கிப் பள்ளமாகி மறுபடியும் ஏறுச்சு. அந்தப் பள்ளம் சரியான இடத்துல வந்து விழணுமாம். மனுஷ உடம்புல தண்ணி அதிகம், அதுவும் சிக்னலைத் தின்னும், கை கிட்டப் போனாலே பள்ளம் நகர்ந்துடும், அதனாலதான் இப்படி நிக்கிறதுன்னு எனக்கு விளக்கம் சொன்னா. எனக்கு விளக்கம் காதுல ஏறல. ஆஸ்பத்திரியில நின்னாளே, அதே நிலை. என்ன ஆகுதுன்னு தெரியாத நேரத்துல அவ உடம்பு தானா அப்படிப் போய் நின்னுக்குது. அன்னிக்கு என் ஆத்திரம் கொஞ்சம் இறங்குச்சு, முழுசா இறங்கல.

என் தம்பியும் அந்தக் கம்பெனிதான். பொட்டியை மாட்டுற ஆள். பைக்ல பையைத் தூக்கிப் போட்டுக்கிட்டுக் கால்வாய் கால்வாயாப் போவான். வாய் ஓயாது அவனுக்கு, கம்பத்துக்கிட்ட கூடப் பேசுவான். ஆனா வீட்டுல சாப்பிட உட்கார்ந்தா போனை முன்னாடி வச்சுக்கிட்டுக் குனிஞ்ச தலை நிமிர மாட்டான். அப்ப இவ பேசுவா. வெளியே வாயைத் திறக்காதவ, அந்த நேரத்துல மட்டும் ஆன்டெனா, பள்ளம், காலி இடம்னு கொட்டித் தீர்ப்பா. அப்புறம் மாடியிலிருந்து இறங்கி வந்து என்கிட்ட புலம்புவா, உங்க தம்பி நான் சொல்றதை ஒரு நாளும் காதுல வாங்குறதே இல்ல அண்ணின்னு. அவன் எங்க அம்மா சொன்னதையே வாங்கினதில்லன்னு நான் சமாதானம் சொல்லுவேன்.

இன்னொரு தொல்லையும் இருந்துச்சு. அவன் சாமானைத் தொலைக்கிறதுல மன்னன். கடைசியா அவன் கண்ணு பட்டது பிளாஸ்டிக் டிபன் டப்பா மூடி மேல. குழிவா, கவிழ்த்துப் போட்டா சின்னத் தட்டு மாதிரி இருக்கும் அந்த மூடி. டப்பா வீட்டுக்கு வரும், மூடி வராது. எங்கேன்னு கேட்டா எங்கயோ விழுந்துடுச்சும்பான். கடைசி வாரத்துல அவங்களுக்குள்ள நடந்த சண்டையே இந்த மூடிக்குத்தான். சிக்னல் அப்படிக் கத்தி நான் கேட்டதே இல்ல, மூடிக்குப் போய் இவ்வளவு சத்தமான்னு கீழேயிருந்து நான் கூட நினைச்சேன். அதே சமயத்துல என் நீல ரப்பர் செருப்புல ஒத்தைக் கால் காணாம போச்சு. பக்கத்து வீட்டு நாய்தான் தூக்கிட்டுப் போச்சுன்னு நான் அந்த வீட்டம்மாவோட ஒரு மூச்சு சண்டை போட்டேன். நாய் பாவம், திருதிருன்னு முழிச்சுது.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். உள்ள ஆன்டெனா வச்ச புதுப் பொட்டிகளைக் கால்வாய் ஓரமா வரிசையாக் கட்டினாங்க. கட்டினதும் திக்க ஆரம்பிச்சுதுங்க. நாலு தடவை பேசினா ஒரு தடவைதான் வந்து சேர்ந்துது. மானேஜர் பேட்டரி சரியில்லன்னு பேட்டரிக்காரனைத் திட்டினார். சிக்னலுக்கு மட்டும் அன்னிக்கே புரிஞ்சு போச்சு. அந்தக் கம்பமெல்லாம் இரும்பு. பொட்டியை இரும்போட ஒட்டிக் கட்டினா ஆன்டெனாவுக்குத் தொண்டை அடைக்கும். எங்க வாழப் போகுதோ அங்க வச்சுத்தான் சரி பண்ணணும்னு கம்பெனியில எல்லாருக்கும் பாடம் எடுக்கிறவ அவதான். அவளே இந்தத் தடவை தெர்மோகோல் மேல வச்சு மட்டும் பார்த்துட்டு அனுப்பிட்டா. வச்சுப் பார்க்க ஸ்டோர்ல ஒரு முழ இரும்புக் குழாய் கேட்டிருக்கா, அடுத்த வாரம்னு சொல்லியிருக்காங்க, அதுக்குள்ள பொட்டியை அனுப்பச் சொல்லி நெருக்கடி. சரி, பார்த்துக்கலாம்னு விட்டுட்டா. இதை அவ யார்கிட்டயும் சொல்லல, சாப்பிடுறப்ப என் தம்பிகிட்ட மட்டும் சொல்லியிருக்கா. மானேஜர்கிட்ட சொல்ல வாய் வரல, இன்னிக்குச் சொல்றேன் நாளைக்குச் சொல்றேன்னு தள்ளிக்கிட்டே இருந்திருக்கா.

அப்பதான் அது நடந்துச்சு. அவனுக்கு அன்னிக்கு லீவு நாள். காலையில எழுந்து, எங்க போறேன்னு ஒருத்தர்கிட்டயும் சொல்லாம பைக்கை எடுத்துக்கிட்டுப் போனான். கால்வாய் ரோட்டுல செங்கல் சூளை வாசல்லிருந்து லாரி ஒண்ணு ரிவர்ஸ்ல பின்னால வந்திருக்கு. அவ்வளவுதான்.

நாங்க அனுப்பலம்மா, அவருக்கு லீவுன்னு கம்பெனியில சொன்னாங்க. அப்ப எதுக்கு அந்த ரோட்டுக்குப் போனான்? தெருவுல வாய் சும்மா இருக்குமா? அந்தப் பக்கம் யாராவது இருக்காங்களோ, வேற ஏதாவது தொடுப்போன்னு ஒருத்தி காது பட இழுத்தா. அவளை நான் கிழிச்ச கிழியில இப்பவும் என்னைப் பார்த்தா எதிர்ப் பக்கமா நடப்பா. ஆனா உங்ககிட்ட மறைக்க என்ன இருக்கு, எனக்குள்ளயும் ஒரு முள்ளு ஏறிடுச்சு. சொல்லிட்டுப் போகாதவன் இல்ல அவன். கடைக்குப் போறதுன்னா கூடக் கீழே நின்னு குரல் குடுத்துட்டுத்தான் போவான்.

சிக்னலுக்கு அந்தச் சந்தேகமே இல்ல. அவ மனசுல வேற ஒண்ணு இருந்துச்சு. காரியமெல்லாம் முடிஞ்சு சொந்தக்காரங்க கிளம்பின அப்புறம், என் அடுப்படியில பாத்திரம் துடைச்சுக்கிட்டே, சாமான் விலை சொல்ற மாதிரி சொன்னா.

"அவர் அந்தப் பொட்டியைப் பார்க்கத்தான் போனார் அண்ணி. நான் ஒழுங்கா பண்ணியிருந்தா போயிருக்கவே மாட்டார்."

நீ ஏன்டி அப்படி நினைக்கிறன்னு கேட்டேன். துடைச்ச பாத்திரத்தையே மறுபடியும் துடைச்சா. அன்னிக்கு அடைச்சுக்கிட்டதுதான். மறுநாளே மானேஜர்கிட்ட போய் என் தப்புன்னு எல்லாத்தையும் ஒப்பிச்சுட்டு வந்தா. அவர் நல்ல மனுஷன், திட்டல, புதுசா பண்ணும்மான்னு விட்டுட்டார். காலையில போவா, சாயங்காலம் வருவா. தட்டுல போட்டா தின்பா, போடலன்னா கேட்க மாட்டா. மழை பெய்ஞ்சு கொடியில காயுற துணியெல்லாம் நனையும், அவ ஜன்னல் பக்கத்துலயே நின்னு பார்த்துக்கிட்டு இருப்பா. மாடியில லைட் போட மறந்துடுவா, நான் போய்ப் போடணும். இப்படியே இவ மரத்துப் போயிடுவாளோன்னு எனக்கு உள்ளூர பயம். ஆஸ்பத்திரியிலிருந்து குடுத்த அவனோட பை, வாயில பிளாஸ்திரி ஒட்டினது ஒட்டினபடி பீரோ மேல கிடந்துச்சு. அவளும் தொடல. எனக்கும் தைரியம் வரல.

மழை ஆரம்பிச்சப்ப கம்பெனியில ஒரு அதிசயத்தைக் கண்டுபிடிச்சாங்க. அந்தக் கால்வாய் வரிசையில எல்லாப் பொட்டியும் திக்குது, மதகு பக்கத்துல கடைசியா இருக்கிற ஒண்ணு மட்டும் ஒரு பேச்சு விடாம பேசுது. இன்னொண்ணு, நடுவுல இருக்கிறது, காய்ஞ்ச நாள்ல நல்லாப் பேசுது, மழை வந்தா வாயை மூடிக்குது. எல்லாம் ஒரே பொட்டி, ஒரே ஆன்டெனா, ஒரே இரும்புக் கம்பம். சிக்னல் அந்த ரெண்டு பொட்டியோட கோட்டையும் போன்ல வச்சுப் பார்த்துக்கிட்டே இருந்தா, சாப்பிடுறப்பவும் கூட, என் தம்பி மாதிரியே குனிஞ்ச தலை நிமிராம. ஒரு நாள் தட்டைத் தள்ளி வச்சுட்டு, நானே நேர்ல போய்ப் பார்க்கப் போறேன் அண்ணின்னா. அவ அதுக்கு முன்னாடி ஒரு தடவை கூட அந்தக் கால்வாய்க்குப் போனதில்ல. அந்த ரோட்டுல அவளைத் தனியா விட நான் என்ன பைத்தியமா? லீவு போட்டுட்டுக் கூடவே கிளம்பினேன்.

பஸ் செங்கல் சூளையைத் தாண்டித்தான் போச்சு. நான் பல்லைக் கடிச்சுக்கிட்டேன். அவ நேரா பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தா, கண்ணு கூடச் சிமிட்டல. பாலத்துக்கிட்ட இறங்கிக் கரையோட நடந்தோம். முந்தின நாள் நல்ல மழை, கால் வைக்கிற இடமெல்லாம் சேறு. முதல் ரெண்டு மூணு பொட்டி கம்பத்தோட ஒட்டி இருந்துச்சு, எப்படிக் கட்டச் சொன்னாங்களோ அப்படி. அதுக்கு அடுத்ததுல, பொட்டிக்குப் பின்னாடி ஊறிப் போன அட்டை கொஞ்சம் கூழா ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. சிக்னல் அதை விரலால சுரண்டிப் பார்த்துட்டு நடந்தா.

நடுவுல இருக்கிற கம்பத்துக்கு வந்தோம், மழைக்கு வாயை மூடுற பொட்டி. அதுக்கும் கம்பத்துக்கும் நடுவுல ஏதோ நீலமா செருகி, பிளாஸ்டிக் பட்டியால இறுக்கிக் கட்டியிருந்துச்சு. நான் கிட்டப் போய்ப் பார்த்தேன். என் செருப்பு. குதிகால்ல ஒரு பக்கமா தேய்ஞ்சிருக்கும், என் நடை அப்படி. வார் போன ஓட்டை கூட அப்படியே இருக்கு. நான் அப்படியே கரையில உட்கார்ந்துட்டேன். அடப்பாவி, கேட்டிருந்தா ஜோடியாவே குடுத்திருப்பேனேடா.

சிக்னல் அந்தச் செருப்பை விரலால அமுக்கினா. தண்ணி வழிஞ்சு அவ முழங்கை வரைக்கும் ஓடுச்சு. காய்ஞ்சிருக்கிறப்ப இது இரும்பிலிருந்து பொட்டியைத் தள்ளி வைக்குது, நனைஞ்சா தண்ணியைக் குடிச்சுட்டுச் சிக்னலைத் தின்னுடுதுன்னு வகுப்பு எடுக்கிற குரல்ல சொன்னா. முதல்ல அட்டை வச்சுப் பார்த்திருக்கார், கரைஞ்சிடுச்சு, அப்புறம் செருப்புன்னா. மிச்ச வழியை அவ நடக்கல, ஓடினா. நான் சேத்துல வழுக்கி வழுக்கிப் பின்னாடியே போனேன்.

மதகு பக்கத்துக் கம்பத்துல பொட்டிக்குப் பின்னாடி டிபன் டப்பா மூடி இருந்துச்சு. குழி கம்பத்தைப் பார்க்கிற மாதிரி கவிழ்த்து, ஓரத்துல ஓட்டை போட்டுக் கட்டியிருந்தான். அவ கிட்டப் போய் ஆள்காட்டி விரலையும் நடு விரலையும் சேர்த்து, பொட்டிக்கும் இரும்புக்கும் நடுவுல விட்டா. கச்சிதமா நுழைஞ்சுது. எடுக்கவே இல்ல, அப்படியே நின்னா.

"எவ்வளவு தள்ளி இருந்தா போதும்னு கேட்டார் அண்ணி. சாப்பிட்டுக்கிட்டே, போனைப் பார்த்துக்கிட்டே. நான் ரெண்டு விரலைக் காட்டினேன். நிமிரக் கூட இல்லன்னு அன்னிக்கு எனக்குக் கோபம்."

காதுல வாங்கியிருக்கான், படுபாவி. வாங்கிட்டு, அட்டை ஆகுமா செருப்பு ஆகுமான்னு ஒண்ணும் தெரியாம வேலைக்கு நடுவுல வந்து ஒவ்வொண்ணா செருகிப் பார்த்திருக்கான். எது பேசுதுன்னு பார்த்திருக்கான். அவகிட்ட மூடி தொலைஞ்சு போச்சுன்னு திட்டு வாங்கிக்கிட்டு வாயைத் திறக்கல. மானேஜருக்குத் தெரியறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் சரி பண்ணிட்டு அப்புறம் சொல்லி அவளை ஒரு சிரிப்பு சிரிக்க வைக்கணும்னு இருந்திருப்பான். அவன் புத்தி எனக்குத் தெரியாதா? சின்ன வயசுல என் சைக்கிளுக்கு இப்படித்தான் ரகசியமா பெயின்ட் அடிச்சு, காயாத சீட்ல நான் உட்கார்ந்து பாவாடை பாழாப் போச்சு.

வீட்டுக்கு வந்ததும் அவ கால் கூடக் கழுவல. நேரா பீரோ மேலிருந்து பையை இறக்கி, பிளாஸ்திரியைப் பிச்சா. ஸ்பேனர், கத்திரி, கட்டுற பட்டி ஒரு கட்டு. அதுக்கடியில மூடி. புது மூடி, கடை ஸ்டிக்கர் கூடப் போகாம, ஒண்ணுக்குள்ள ஒண்ணா அடுக்கி ரப்பர் பேண்ட் போட்டு வச்சிருந்தான். மேல இருந்த ரெண்டு மூணு விரிசல் விட்டிருந்துச்சு, மிச்சமெல்லாம் முழுசா இருந்துச்சு. திக்குற கம்பத்துக்கெல்லாம் போதும், மேலயும் இருக்கும். அவ ஒவ்வொண்ணா எடுத்துத் தரையில பரப்பினா. அப்புறம் என்னை நிமிர்ந்து பார்த்தா. கண்ணுல ஒண்ணுமே இல்ல.

"அப்ப என் பொட்டிக்குத்தான் போயிருக்கார்."

ஆறுதலுக்கு ஒரு பொய் சொல்லலாம்னு வாய் வரைக்கும் வந்துச்சு. அந்த மூடியெல்லாம் அங்க கிடக்கிறப்ப என்ன பொய்யைச் சொல்றது?

"ஆமாடி. உன் பொட்டிக்குத்தான் போனான். வேற எங்கயும் போகல."

சொல்லி முடிச்சதும் எனக்குத்தான் பொங்கிட்டு வந்துச்சு. ஒரு கோடை, பாதி மழைக்காலம், நான் உள்ள வச்சுக்கிட்டுத் திரிஞ்ச முள்ளு அது. அவ என் முதுகைத் தட்டிக் குடுத்தா. அவ அழல.

மறுநாள் மானேஜருக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னா. இரும்புக் குழாய் மேல வச்சுச் சரி பண்ணின புதுப் பொட்டி அடுத்த மாசம் வரப் போகுதேம்மா, இப்ப எதுக்கு மூடின்னு அவர் கேட்டிருக்கார். வர்றப்ப வரட்டும் சார்னு சொல்லிட்டா. அவ குரலை உயர்த்தாம பிடிவாதம் பிடிச்சா அதுக்கு மேல யாரும் பேச முடியாது. அடுத்த லீவு நாள்ல அவன் பையை அவ தோள்ல மாட்டிக்கிட்டா, குடையும் தண்ணி பாட்டிலும் நான் எடுத்துக்கிட்டேன்.

கால்வாய் பூரா அன்னிக்கு நாங்கதான். அவ பட்டியை வெட்டுவா, பொட்டியை நான் தாங்கிப் பிடிப்பேன், அவ மூடியைக் கவிழ்த்து வச்சுக் கட்டுவா. ரெண்டு விரலை விட்டுப் பார்ப்பா. என் செருப்பைக் கழட்டி என் கையில குடுத்தா, அதை நான் பையில போட்டுக்கிட்டேன். ஒரு கம்பம் முடிச்சு அடுத்ததுக்கு நடக்கறப்ப முந்தினது பேச ஆரம்பிச்சிருக்கும், அவ போன்ல டிங்குன்னு ஒரு சத்தம் வரும். அவ நின்னு பார்க்கவே இல்ல. அடுத்தது, அடுத்ததுன்னு போய்க்கிட்டே இருந்தா. வழியில அவ பேசின ஒரே பேச்சு, பட்டியை இறுக்குங்க அண்ணி, அவ்வளவுதான்.

கடைசியா ஒண்ணு மிச்சம். பாலத்துக்கு இந்தப் பக்கம், செங்கல் சூளை வாசலைத் தாண்டினதும் இருக்கிற கம்பம். நாங்க அதை வேணும்னேதான் கடைசிக்கு வச்சிருந்தோம், ரெண்டு பேரும் வாய் விட்டுச் சொல்லிக்கல. சூளை வாசல்ல லாரி ஒண்ணு நின்னுச்சு. அவன் விழுந்த இடத்துலிருந்து அந்தக் கம்பம் கூப்பிடு தூரம். அவன் அன்னிக்கு முதல்ல வர இருந்தது இதுக்குத்தான்.

கட்டினோம். ரெண்டு விரலை விட்டுப் பார்த்தா, சரியா இருந்துச்சு. நான் போனை எட்டிப் பார்க்கக் கிட்டப் போனேன். கொஞ்சம் தள்ளி நில்லுங்க அண்ணின்னா. வழக்கம் போல ஒரு எட்டு பின்னால போனா, ரெண்டு கையையும் முதுகுக்குப் பின்னாடி கட்டிக்கிட்டா. நானும் அவ பக்கத்துல போய் அதே மாதிரி நின்னேன். கால் மணி நேரம் நிக்கணுமோ என்னமோ, யார் கண்டா. வெயில் சுள்ளுன்னு அடிச்சுது, லாரி கிளம்பிப் போச்சு, தூசி அடங்குச்சு. நாங்க அந்தப் பொட்டியையே பார்த்துக்கிட்டு நின்னோம்.

டிங்குன்னு வந்துச்சு.

பேசிட்டான்னு சொன்னேன், பேசிடுச்சுன்னு சொல்ல வந்தவ. அவ பக்கம் திரும்பினேன். அவ கண்ணிலிருந்து தண்ணி தாரை தாரையா இறங்கி, கன்னத்துல ஓடி, தாடையிலிருந்து சட்டை மேல விழுந்துக்கிட்டு இருந்துச்சு. வாய் கோணிக்கிட்டுப் போச்சு, தோள் குலுங்குச்சு, தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்துச்சு, அத்தனை மாசமா உள்ளயே அடைஞ்சு கிடந்த சத்தம். ஆனா கையை மட்டும் முன்னால எடுக்கல. கண்ணைத் துடைச்சா எங்க அந்தப் பொட்டி பேசுறது கெட்டுடுமோன்னு நினைச்சாளோ என்னமோ, முதுகுக்குப் பின்னாடி விரலைக் கோத்துக்கிட்டே அழுதா. நான் துடைச்சு விடல. அவ அழுது முடிக்கிற வரைக்கும் நானும் கையைப் பின்னாடியே கட்டிக்கிட்டு நின்னேன்.